கரண்டி சாய்ந்த கஞ்சி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் பழகிய கருவிகளெல்லாம் இப்போது ஏதாவது பழைய இரும்புக் கடையில் கிடக்கும். சோதனை முறைகளை என்னைவிட உங்கள் கையேடுகள் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். ஆகவே ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அது நடக்கும்வரை அரிசியும் கேழ்வரகும் சோளமும் எனக்கு வெறும் மாதிரிப் பொருள்கள். கண்ணாடிக் குடுவையில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி, அலமாரியில் வைப்பேன். அதற்குப் பிறகு எந்தத் தானியத்தையும் என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம்தான் எங்கள் தானிய ஆய்வுப் பிரிவு இருந்தது. மழை பெய்தால் கூரைத் தகரத்தின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. தோட்டங்களிலும், கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமங்களிலும் பால் மறக்கும் வயதுக் குழந்தைகள் மெலிந்துபோவதைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். கையில் கிடைக்கும் தானியத்திலிருந்தே அவர்களுக்கு என்ன உணவு கொடுக்கலாம் என்று பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அரிசி மாவைக் காய்ச்சினால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு வீங்கும். குழந்தைக்குப் போதிய சத்து இருக்கும்படி மாவைப் போட்டால் கஞ்சி களியாகிவிடும். குழந்தையால் விழுங்க முடியாது. விழுங்கும்படி நீர்க்கக் காய்ச்சினால் வயிறுதான் நிறையும், சத்து சேராது. சின்னக் குழந்தையின் வயிறு அதன் கைப்பிடி அளவுதான். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

இதற்கு விடை முளைவிட்ட தானியத்தில் இருந்தது. விதை முளைக்கும்போது தன்னுள் இருக்கும் மாவைக் கரைத்துக்கொள்ள ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்த விதையைக் காயவைத்து, அரைத்து, அந்த மாவில் ஒரு சிட்டிகையைக் கெட்டிக் கஞ்சியில் போட்டால் அதே நொதி கஞ்சியிலும் வேலை செய்யும். நான் அதை முதலில் பார்த்தது ஆய்வுக்கூட மேசையில். கஞ்சியின் நடுவே கரண்டியை நட்டு வைத்திருந்தேன். அது கம்பம் போல நின்றது. முளைமாவைப் போட்டுக் கலக்கி, மறுபடியும் கரண்டியை நிறுத்தினேன். கரண்டி மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து பாத்திரத்தின் விளிம்பில் போய்ப் படுத்துக்கொண்டது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. மாவு அத்தனையும் உள்ளேயேதான் இருந்தது. நான் அன்று வேறு வேலை செய்யவில்லை. கஞ்சி காய்ச்சுவதும் கரண்டி சாய்வதைப் பார்ப்பதுமாகவே பொழுது போனது.

எங்கள் பிரிவின் தலைவர் ஒரு சீனப் பெண்மணி. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். அவருக்குக் குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. நாம் எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் ஒரு கேள்விதான் கேட்பார்: "இது உனக்குத் தெரியுமா, இல்லை தோன்றுகிறதா?" ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பட்டம் வாங்கி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைப்பேன்.

நாங்கள் இரண்டு தானியங்களில் முளைமாவு செய்து பார்த்தோம். ஒன்று கேழ்வரகு. முளைகட்டிய கேழ்வரகைக் கஞ்சியாக்கிக் குழந்தைக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். எங்கள் சோதனைகளிலும் அதில் குற்றம் ஒன்றும் தென்படவில்லை. இன்னொன்று வெள்ளைச் சோளம். காம்பார் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன மணல்வெளியில் சோதனைக்காக அதைப் பயிர் செய்திருந்தார்கள். வேறெதுவும் வளராத அந்த வெள்ளை மணலில் அது ஆளுயரம் நின்றது. அதன் முளைமாவு கேழ்வரகைவிட வேகமாகக் கஞ்சியைக் கரைத்தது. ஆனால் சோளத்தின் இளம் முளையிலும் வேரிலும் சயனைடு வகை நஞ்சு ஊறும். முளையையும் வேரையும் உதிர்த்துக் காயவைத்த பிறகு மாவில் எவ்வளவு தங்குகிறது என்பதை எங்களுடன் வேலை பார்த்த மலாய் நண்பர் ஒருவர் அளந்துகொண்டிருந்தார். முடிவு இன்னும் வரவில்லை.

அந்த ஆண்டு கடைசியில், மழைக்காலத்தில், சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். பாதி ரப்பரும், பாதி எண்ணெய்க்காகப் புதிதாக நட்ட செம்பனையுமாக இருந்த தோட்டம். அம்மாக்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் கஞ்சி காய்ச்சும் முறையைக் காட்ட வேண்டும். மறுநாள் காம்பாருக்குப் போய்ச் சோளம் பயிர் செய்தவர்களுக்கு அவர்கள் சோளத்தின் வேலையைக் காட்ட வேண்டும். அதற்காகச் சோள முளைமாவு ஒரு டின் என் பையில் இருந்தது. கேழ்வரகு மாவை நான் எடுத்துவரவில்லை. ஆயாக் கொட்டகையில் காட்ட வேண்டியிருந்தது சாதாரண அரிசிக் கஞ்சிதான், அதற்கு முளைமாவு தேவைப்படவில்லை.

அலுவலக வேன் என்னை இறக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மழை நிற்கவே இல்லை. மறுநாள் காலையில் ஆற்றுப் பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. மரங்கள் வேரோடு அடித்துக்கொண்டு போயின. படகு விட ஒருவரும் துணியவில்லை. தொலைபேசிக் கம்பியும் அறுந்துவிட்டது. தோட்டத்து கிளினிக்கைப் பார்த்துக்கொண்ட டிரெசர் அருளப்பன் வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள். டிரெசர் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளர். டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் டிரெசர்தான் எல்லாமும். அவரும் அவர் மனைவியும் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால் சீக்கிரம் பழகிவிட்டோம்.

"பஞ்சிர் வந்தா இப்படித்தான்மா. தண்ணி வடியற வரைக்கும் நாம எல்லாரும் இங்கதான்," என்றார் அவர். வெள்ளத்துக்கு அங்கே பஞ்சிர் என்றுதான் பேர்.

சும்மா இருக்க முடியாமல் கிளினிக்குக்குப் போனேன். பேச்சுவாக்கில் அவரிடம் முளைமாவைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆயாக் கொட்டகையில் மிஞ்சிய கெட்டிக் கஞ்சியைச் சூடாக்கி, கரண்டியை நட்டு, என் டின்னிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிக் காட்டினேன். கரண்டி சாய்ந்தது. அவர் பாத்திரத்தைத் தூக்கி அடியில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"என்னாம்மா இது, கண்கட்டு வித்தையா இருக்கு?"

"சாப்பிடக் கூடாதுண்ணே, காட்டறதுக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கதவருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ரப்பர் பால் கறை படிந்த நீளக் கைச்சட்டை. தோளில் ஒரு குழந்தை. குழந்தை தூங்குகிறது என்றுதான் நினைத்தேன். கிட்டத்தில் பார்த்தபோது கண்கள் திறந்திருந்தன. அவை எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பெண்ணின் பெயர் ராஜம்மா. குழந்தை வசந்தி, நடக்கத் தொடங்கிய வயது, நோய் வந்து நடை நின்றுபோயிருந்தது. டிரெசர் என்னைத் தள்ளி அழைத்துப்போய் விவரம் சொன்னார். தட்டம்மை வந்து, அதோடு வயிற்றுப்போக்கும் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, நோய் தெளிந்து, நன்றாகச் சாப்பிட வையுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபின்தான் சிக்கல்.

"பால் குடுத்தா வாந்தி. வாயெல்லாம் புண்ணு, சோத்த முழுங்க மாட்டேங்குது. தண்ணிக் கஞ்சி குடிக்குது. அதுல என்னாம்மா இருக்கு? வயிறு ரொம்பிடுது, உடம்பு காலியாவே இருக்கு. திரும்பக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில விட்டுடலாம்னு பார்த்தா பாலம் முங்கிப்போச்சு."

"மருந்து?"

"இதுக்கு மருந்து சோறுதான். அதுதான் உள்ள போக மாட்டேங்குதே."

நான் ஆய்வுக்கூடத்தில் எழுதி வைத்திருந்த சிக்கல், சட்டை போட்டுக்கொண்டு என் எதிரில் நின்றது.

ராஜம்மா நேராக என்னிடம் வந்தாள். "மிஸி, அந்தப் பொடியப் போட்டு இவளுக்குக் கஞ்சி குடுங்க."

"நான் மிஸி இல்லம்மா. நர்ஸு வேலை இல்ல, ஆராய்ச்சி."

"எதுவா இருந்தாலும் இருக்கட்டும்லா. கஞ்சிய நீங்க தண்ணியாக்குனத நான் பார்த்தேன். கெட்டியா இருந்ததும் பார்த்தேன்."

"அது சாப்பிடற மாவு இல்லம்மா. அதுல விஷம் இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈப்போவில் எங்கள் தலைவர் கேட்கும் கேள்வியை, வார்த்தை மட்டும் மாற்றி, இவள் கேட்டாள்.

"தெரியலம்மா," என்றேன்.

"அப்ப இல்லாமலும் போவலாம்தானே?"

டிரெசரும் அவள் பக்கம்தான் இருந்தார். முதல்முறையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "ஒரு சிட்டிகைதானே ஸ்டெல்லா. காய்ச்சித்தானே குடுக்கப்போறோம். இந்தப் புள்ள இப்படியே ரெண்டு மூணு நாள் போனா தாங்காது. நான் நெறைய பார்த்துட்டேன்."

நான் வெளியே தாழ்வாரத்தில் போய் நின்றேன். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு தாழ்வாரம் வரும். அறிவு அப்போது நம் பக்கம் இருக்காது, ஆசையின் பக்கம் போய் நிற்கும். எனக்குத் தெரிந்த வேதியியல் முழுவதும் வரிசையாக வந்து, கொடுக்கலாம் என்று சாட்சி சொன்னது. வேரை உதிர்த்தாயிற்று. முளையை உதிர்த்தாயிற்று. காயவைத்ததில் கொஞ்சம் போயிருக்கும். கொதிக்கவைத்தால் இன்னும் போகும். போடுவதோ ஒரு சிட்டிகை. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனையையும் கூட்டிப் பார்த்தாலும் எனக்குத் தோன்றியதே ஒழிய, தெரியவில்லை. நன்றாக உள்ள குழந்தையின் உடம்பு கொஞ்சம் நஞ்சைச் சமாளித்து வெளியே தள்ளிவிடும். இந்தக் குழந்தையின் உடம்பில் சமாளிக்க என்ன மிச்சம் இருந்தது?

உள்ளே போனேன். "இந்த மாவு வேணாம்மா," என்றேன்.

ராஜம்மா அழவில்லை. "சாப்பிடாம சாவறதுக்கு, சாப்பிட்டுட்டுச் சாவட்டுமே மிஸி," என்றாள், விலை பேசுகிற குரலில்.

"வேற வழி இருக்கு. கேப்ப. முளைகட்டின கேப்ப. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். ஆனா முளைக்கணும், கொஞ்சம் பொறுக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"அது முளைக்கற நேரம்."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை.

தோட்டத்துக்குள் ஒரு மளிகைக் கடை இருந்தது. கடைக்காரர் இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கேழ்வரகு இருக்கிறதா என்று கேட்டேன். மாவு இருக்கிறது என்றார். முழுத் தானியம் வேண்டும் என்றேன். உள்ளே போய் ஒரு சாக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"குருவி வளக்குறவங்க வாங்குவாங்க. ஒங்களுக்கு எதுக்கும்மா?"

"முளைகட்டணும் நானா. பூச்சி மருந்து ஏதும் அடிச்சிருக்கா?"

"இந்தச் சாக்குலேருந்துதான் எங்க வீட்டுக்கும் அரைக்கிறது," என்றவர், விஷயத்தைக் கேட்டதும் சாக்கின் வாயை அகலமாக விரித்துவிட்டார். "அள்ளிக்கங்க. இது பழைய சரக்கு இல்ல. ஆனா முளைக்குமான்னு நான் எப்படிச் சொல்றது? அது அல்லாவோட வேலை."

அதுதான் என் பயமும். சாக்கில் வெகுநாள் வெப்பத்தில் கிடந்த விதை செத்துப்போயிருக்கலாம். உயிருள்ள விதைக்கும் செத்த விதைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீர் காட்டினால்தான் தெரியும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, ஊறவைத்து, கொதிக்கவைத்த துணியில் கட்டி, டிரெசர் வீட்டு அடுப்பங்கரையில் தொங்கவிட்டேன்.

காத்திருந்த நேரத்தில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. நீர்த்த கஞ்சியில் சர்க்கரையும் துளி எண்ணெயும் கலந்து, வசந்தியின் வாயில் சிறு கரண்டியால் விட்டுக்கொண்டே இருந்தோம். ராஜம்மா, நான், டிரெசரின் மனைவி, மூவரும் மாறி மாறி. வாயோரத்தில் பாதி வழியும், பாதி உள்ளே போகும். குழந்தையின் கை என் விரல்மேல் கிடந்தது. அதில் எடையே இல்லை.

மறுநாள் துணியை அவிழ்த்தேன். கறுப்புச் சிவப்பு மணிகளின் மேல் வெள்ளை வெள்ளையாக நுனிகள். ஊசி முனையளவு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அநேகமாக எல்லாமே உயிரோடு இருந்தன. எங்கேயோ விளைந்து, மூட்டையில் கட்டுண்டு, கப்பலேறி, ஈப்போ வந்து, லாரியேறி, குருவிக்குத் தீனியாக மூலையில் கிடந்த தானியம். இத்தனை காலமும் அது உள்ளே விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஜெபம் செய்து பழகியவள். ஆனால் அந்தத் துணியின் முன்னால் எனக்கு ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை. டிரெசர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

முளை இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று வைத்திருந்தோம். அடுத்த நாள் காலையில் காயவைக்க வேண்டிய கட்டம். வெயில் இல்லை. டிரெசர் பொறுமை இழந்துவிட்டார்.

"வாணலில போட்டு லேசா வறுத்துடலாம்மா. ஒரு நொடில காஞ்சிடும்."

"சூடு ஏறுனா நொதி செத்துடும் அண்ணே."

"சின்னத் தீதான்லா. நான் பார்த்துக்கறேன்."

குழந்தை அன்று காலை கஞ்சிக்கே வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அவசரம். பாதியைக் கொடுத்தேன், பாதியைத் துணியிலேயே வைத்துக்கொண்டேன். விறகடுப்பு அது. சின்னத் தீ என்பது அதற்குப் புரியாது. வறுத்த மணம் வீடெல்லாம் பரவியபோதே எனக்குச் சந்தேகம். அரைத்துக் கெட்டிக் கஞ்சியில் போட்டுக் கலக்கினோம். கரண்டியை நட்டேன். நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தோம். நின்றுகொண்டே இருந்தது.

ராஜம்மாவின் பார்வை அலமாரியில் இருந்த என் டின்னுக்குப் போய் வந்தது. நானும் அந்த டின்னைப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், நானும் பார்த்தேன்.

மிச்சம் பாதியை எப்படிக் காயவைப்பது என்று துணியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேசை விசிறி, இஸ்திரிப் பெட்டி என்று ஏதேதோ யோசனை. கண்ணெதிரில் அந்த முளைகள். ஈரமாக, குளுகுளுவென்று, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த விதைக்கு யாராவது காயவைத்துக் கொடுத்தார்களா? அது ஈரத்திலேயேதான் தன் மாவைக் கரைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நொதி இப்போதே, இந்த நிமிடமே, இதற்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது. காயவைப்பது எங்கள் தேவை. டின்னில் அடைத்து அலமாரியில் வைப்பதற்காக நாங்கள் பழகிக்கொண்ட வழக்கம். அவசரத்தில் மனிதர்கள் அறிவைவிட வழக்கத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம்.

"அண்ணே, அம்மி எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"பச்சையாவே அரைக்கலாம்."

அம்மியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, முளையோடு அரைத்து, துணியில் பிழிந்தேன். கலங்கலாகக் கொஞ்சம் பால் வந்தது. பச்சை முளையில் கிருமி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வரிசை முக்கியம். கஞ்சி ஆறி, விரலை வைத்தால் சுருக்கென்று இழுத்துக்கொள்ளும் சூட்டுக்கு வந்ததும் பாலை ஊற்றிக் கலக்கினேன். அது வேலையை முடிக்கும்வரை விட்டுவிட்டு, பிறகு மொத்தத்தையும் மறுபடி கொதிக்கவைத்துக்கொள்ளலாம். நொதியும் கிருமியும் சேர்ந்தே சாகட்டும். அதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும்.

கரண்டியை நட்டு, கையை எடுத்தேன்.

அடுப்பங்கரையில் நாங்கள் நால்வர். மழைச் சத்தம். கரண்டி நின்றது. பிறகு மெல்ல, யாரோ களைத்துப்போய் உட்காருவதைப் போல, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

டிரெசர் சிலுவை போட்டுக்கொண்டார். ராஜம்மா பாத்திரத்துக்கு முன்னால் குனிந்து, கரண்டியை எடுத்து, மறுபடி நட்டுப் பார்த்தாள். அது நிற்கவே இல்லை, விழுந்தது. "ஆயிடுச்சு மிஸி," என்றாள்.

கொதிக்கவைத்து, ஆற்றி, எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து முதல் கரண்டியை அவளேதான் கொடுத்தாள். வாய்ப்புண்ணில் படாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வசந்தி விழுங்கினாள். இன்னொரு கரண்டி. இன்னொன்று. ராஜம்மா கிண்ணத்தை அப்படியே வாயில் வைக்கப் பார்த்தாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"போதும்மா. காஞ்ச உடம்பு. ஒரேயடியா குடுத்தா தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி."

"பசிக்குது மிஸி அவளுக்கு."

"தெரியும். இருந்தாலும் கொஞ்சம்தான்."

மறுப்பதைத் தவிர இவளுக்கு வேறெதுவும் தெரியாதா என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் கேட்டாள்.

அன்று முழுவதும், அடுத்த நாளும், அப்படியே கொடுத்தோம். நானா இன்னும் கேழ்வரகு கொடுத்தனுப்பினார். அடுப்பங்கரையில் துணி மூட்டைகள் வரிசையாகத் தொங்கின. குழந்தையிடம் பெரிய மாற்றம் எதுவும் சட்டென்று தெரியவில்லை. வாந்தி இல்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு மத்தியானம், நான் கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் கண்கள் கரண்டியைப் பார்த்தன. கரண்டியின் பின்னாலேயே வந்தன. நான் கையை நிறுத்தினேன். என் மடியில் கிடந்த அந்தச் சின்னக் கை எழும்பி, தடுமாறி, கரண்டியின் காம்பைப் பிடித்தது. பிடித்துத் தன் பக்கம் இழுத்தது.

அந்த இழுப்பு என் கையில் இன்னும் இருக்கிறது. என் வேலைக் காலத்தில் எத்தனையோ அளவுகளை எடுத்திருக்கிறேன். அந்த இழுப்பை அளக்க எங்களிடம் கருவி இருந்ததில்லை. ஒரு புல்லின் விதை, தான் எழுந்து நிற்பதற்காகத் தனக்குள் சுரந்துகொண்டதை வைத்து, இன்னொரு உயிர் எழுந்து பார்க்கிறது. இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்துகொண்டது அன்றுதான்.

தண்ணீர் வடிந்ததும் வசந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தேறிவிட்டாள் என்று அனுப்பிவைத்தார்கள். நான் ஈப்போ திரும்பித் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார்.

"ஒரு குழந்தை," என்றார். "ஒரு குழந்தையை வைத்து எதுவும் நிரூபணம் ஆகாது. முறையாகச் செய்ய வேண்டும். தொடங்கு." பிறகு எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்று நினைக்கிறேன். அது தோன்றியதுதான், தெரிந்ததல்ல.

கொஞ்ச நாளில் சோள மாவின் முடிவு வந்தது. மலாய் நண்பர் தாளை என் மேசையில் வைத்தார். வேரும் முளையும் நீக்கிக் காயவைத்த அந்த மாவில் நஞ்சு இருந்ததாகவே சொல்ல முடியாது. ஒரு சிட்டிகை வசந்தியை ஒன்றும் செய்திருக்காது. முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

நான் தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் படித்தார்.

"இன்றைக்குத் தெரியும்," என்றார். "அன்றைக்கு உனக்கு என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது."

"அப்படியானால் சரி."

அவருக்குச் சரி. எனக்கு அது போதவில்லை. அடுத்து வந்த விடுமுறையில் பஸ் ஏறிச் சுங்காய் போய், தோட்டத்துக்கு நடந்தேன். ராஜம்மா வேலை முடிந்து வந்து வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பலகையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, அந்த டின்னு மாவு. சோதிச்சுப் பார்த்தாச்சு. அதுல விஷம் இல்லம்மா. அன்னிக்கே குடுத்திருக்கலாம்."

அவள் கை வாளியின் விளிம்பிலேயே நின்றது. "அப்ப, அந்த நாளெல்லாம் அவ பட்டது..."

"ஆமாம்மா."

வாளியைக் கவிழ்த்து வைத்தாள். வேலைக்குக் கட்டியிருந்த முகத்துணியை அவிழ்த்து உதறி, கொடியில் போட்டாள்.

"விஷம் இருந்திருந்தா?"

"செத்திருக்கும்."

"அது உங்களுக்கு அன்னிக்குத் தெரியாது."

"தெரியாது."

"இத வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்கப் போறதில்ல. ஏன் மிஸி இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க?"

"நீங்கதான கேட்டீங்க, இருக்கலாமா, இருக்குதான்னு. பதில் வந்துச்சு, கொண்டாந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் திட்டு விழும் என்றுதான் நின்றேன். அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

"உள்ள வாங்க," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போலாம்."

சோறும் கருவாட்டுக் குழம்பும். எனக்கு ஒரு தட்டு, எனக்கு எதிரில் வசந்திக்கு ஒரு தட்டு. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. யார் உதவியும் இல்லாமல், மூக்கிலும் சட்டையிலும் ஈஷிக்கொண்டு, சோற்றைக் கைநிறைய அள்ளி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் என் தட்டில் கைவைக்க மறந்துபோய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் தட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தவள், என்னைப் பார்க்கவில்லை. என் தட்டைப் பார்த்தாள். நான் அதை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.